காசு வாங்காமல் வழக்குப் பேசும் சட்டத்தரணியை எப்படிக் கௌரவிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாதர் சங்கம். ஊரில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசிய சட்டத்தரணிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தெரிவு செய்து, ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திப் பணமுடிப்பும் கொடுக்க நினைக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் ஒருவர் பணம் தரத் தயார். யாரைத் தெரிவது என்பதில்தான் கூட்டத்தில் இழுபறி. விருதுக்கு என்ன அளவுகோல் என்று கேட்கிறீர்கள். அளவுகோலுக்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் இதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இலவசம் என்று சொல்லப்படுவதில் எது உண்மையாகவே இலவசம்? வெளியில் இருக்கும் சங்கம் அதை எப்படி அறிவது? அறிந்த பிறகு, அந்தச் சட்டத்தரணிக்கும் அவரிடம் போன சனத்துக்கும் கரைச்சல் வராமல் எப்படி நன்றி சொல்வது?

நான் சட்டத்தரணி அல்ல. வவுனியாவிலும் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவிலும் நீதிமன்றப் பதிவாளர் கந்தோர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழக்கேட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் எந்தத் தவணைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் ஜூனியரை அனுப்பி இன்னொரு தவணை கேட்டார் எல்லாம் தெரிந்துவிடும். கந்தோருக்குள் கட்சிக்காரரிடம் என்ன பேசினார், என்ன வாங்கினார் என்பது தெரியாது. ஒருவருடைய வாதத் திறமையை எடை போடவும் எனக்குத் தகுதி கிடையாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. கட்சிக்காரர் காசு கொடுக்கவில்லை என்பதால் மட்டும் சட்டத்தரணி காசு வாங்கவில்லை என்றாகிவிடாது. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் சட்டத்தரணிகள் தோன்றுவார்கள்; அவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பனவு தரும். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கப்படும்போது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சட்டத்தரணி இல்லையென்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நீதிபதி ஒருவரை நியமிப்பார். அவருக்கும் அரசு ஒரு சிறு தொகை கொடுக்கும். அடுத்தது தொண்டு நிறுவனங்களின் திட்டங்களில் வேலை செய்பவர்கள். 2009க்குப் பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்த சனத்துக்குப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் எடுத்துக் கொடுத்ததில் இப்படியானவர்களுக்கும் நடமாடும் சேவைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. இவர்கள் எல்லோரும் மதிக்கப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் இவர்கள் சம்பளத்துக்கோ கொடுப்பனவுக்கோ தங்கள் வேலையைச் செய்தவர்கள். உங்கள் விழா தன்னார்வமாக உதவியவருக்கு என்றால், இந்தப் பிரிவினையைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பாதி இழுபறி அதோடு தீரும்.

இன்னொரு வகையும் உண்டு. காணி வழக்கில் "இப்போ ஒன்றும் தர வேண்டாம், வென்றால் ஒரு துண்டு எழுதித் தாருங்கள்" என்று சொல்பவர். அது இலவசம் அல்ல, கடன். நாலு பரப்புக் காணியில் ஒரு பரப்பைக் கடைசியில் எழுதிக் கொடுத்த குடும்பத்தைக் கேட்டால், காசு கட்டியே வழக்குப் பேசியிருக்கலாம் என்றுதான் சொல்லும்.

அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்ட எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ கேட்கப்பட உரித்துடையவர் என்கிறது. அந்தச் சட்டத்தரணிக்கு யார் காசு கொடுப்பது என்று அது பேசவில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், வசதியில்லாத எதிரிக்கு நீதியின் நலன் வேண்டும் இடத்தில் கட்டணமில்லாத சட்ட உதவி உண்டு என்று எழுதியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், குற்றவழக்கில் அகப்பட்டவருக்குச் சட்டம் ஏதோ ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குடியியல் வழக்கில், அதுவும் வழக்காகவே இன்னும் மாறாத அலைச்சலில் மாட்டியவருக்குத்தான் ஆள் இல்லை. வன்னியில் தன்னார்வச் சட்டத்தரணியின் அருமை தெரிவது அங்கேதான்.

அந்த அலைச்சல் எப்படிப்பட்டது என்று உங்கள் சங்கத்துக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கணவன் காணாமற்போன பெண் ஒருத்தி. மரணப் பதிவு எடுத்தால் நட்டஈடு, ஓய்வூதியம் என்று சில காரியம் நடக்கும். ஆனால் அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போட அவளுக்கு மனமில்லை. 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை 2016இல் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் இன்னது, எதை எடுத்தாலும் தேடும் உரிமை போய்விடாது என்று பொறுமையாக உட்கார்ந்து விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எந்தக் கட்டணப் பட்டியலிலும் இடமில்லை. அதே பெண் வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவள் என்றால், தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. கணவன் எங்கே என்று தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்கலாம். ஆனால் அதற்கு மனு, சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் கடிதம், அப்புறம் நீதிமன்றத்தில் தவணைகள்.

காணிப் பக்கம் இன்னும் சிக்கல். வன்னியில் பெரும்பாலான குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்டுகள். பெர்மிட் தாத்தா பெயரில் இருக்கும், அவருக்குப் பின் காணி யாருக்கு என்ற பின்னுரித்தாளி பதியப்பட்டிருக்காது, மூலப்பிரதி இடம்பெயர்வில் போயிருக்கும், பிரதேச செயலகத்துக் கோப்பும் எரிந்திருக்கும். இது நீதிமன்றத்துக்கே வராத விசயம். பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் காணி ஆணையாளர் அலுவலகத்துக்கும் கடிதம் எழுதி எழுதித்தான் முடிய வேண்டும். போர்க்காலத்தில் காணியை விட்டு ஓடியவர்களுக்கு எதிராக இன்னொருவர் நீண்டகாலம் ஆண்டு வந்ததாகச் சொல்லி ஆட்சியுரிமை கோராமல் இருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு அது விலக்குக் கொடுத்தது, கூடவே வழக்குப் போடக் காலக்கெடுவும் வைத்தது. அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தபோது ஊர் ஊராகப் போய் ஒரு நோட்டீஸ் ஒட்டி, வாசிகசாலை வாங்கில் உட்கார்ந்து பேசிய சட்டத்தரணி ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், வழக்கு வென்றவரைவிட அவரை முதலில் நினையுங்கள். இது என் சொந்த அபிப்பிராயம். வழக்கு வெல்வதில் சட்டத்தரணியின் பங்கு எவ்வளவு, சாட்சியின் பங்கு எவ்வளவு, எதிர்த்தரப்பின் கவனக்குறைவு எவ்வளவு என்று எங்கள் மேசையில் இருந்து பிரித்தறிய முடியாது.

ஒரு அளவுகோல்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்வது, கடைசித் தவணை வரைக்கும் நின்றாரா என்பதை. முதல் தவணைக்கு இலவசமாக வருவது கஷ்டமான காரியம் அல்ல. மண்டபம் நிறைய ஆள் இருக்கும், பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஆறாம் தவணைக்கு, எதிர்த்தரப்பு வரவில்லை என்று தெரிந்தும், பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, "கட்சிக்காரருக்காக நான் தோன்றுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறவரின் பெயர் வழக்கேட்டில் ஒரு வரியாக மட்டும் இருக்கும். இங்கே வழக்குகள் எவ்வளவு இழுபடும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்த, விடுதலைப் புலிகளின் அரசியல் பொறுப்பாளர்களில் ஒருவரான எழிலனைக் கண்டுபிடித்துத் தரக் கேட்டு அவர் மனைவி அனந்தி சசிதரன் போட்ட ஆட்கொணர்வு மனு 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணைக்காக முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், திரும்ப வவுனியாவுக்கு வந்து, மேல் நீதிமன்றத்தின் கட்டளை கிடைத்தது 2022 டிசெம்பரில். இப்படியான வழக்கில் ஒரு தரப்புக்கு நிற்பது என்றால் ஒரு சட்டத்தரணியின் தொழில் வாழ்க்கையில் கால்வாசியை அதற்கு எழுதி வைப்பது மாதிரி.

சரி, இதை எப்படி அறிவது? நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. உங்கள் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் சில நாட்கள் பின்வாங்கில் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே யார் எப்படி என்று விளங்கிவிடும். குடும்ப விவகாரம், பாலியல் குற்றம் போன்றவற்றில் நீதிபதி ஆட்களை வெளியே அனுப்பலாம். அனுப்பினால் மறுபேச்சில்லாமல் எழும்பிப் போங்கள். அதைவிட முக்கியம், உதவி பெற்றவர்களைத் தனித்தனியாகக் கேட்பது. கூட்டத்தில் கேட்காதீர்கள், சபைக்கு முன்னால் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள். போன் எடுத்தால் பதில் சொல்வாரா, அடுத்த தவணை எதற்கு என்று விளங்கப்படுத்துவாரா, தோற்றுவிடுவோம் என்றால் அதையும் முன்கூட்டியே சொன்னாரா, தட்டச்சுக்காசு முத்திரைக்காசு என்று பிறகு ஏதும் கேட்டாரா. கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று பதில் வந்தால் உடனே அவரைக் கழித்துவிட வேண்டாம். முத்திரையும் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியும் வழக்குச் செலவு, சட்டத்தரணியின் வருமானம் அல்ல. பற்றுச்சீட்டுக் கொடுத்தாரா என்று மட்டும் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. உதவி பெற்றவர்களை மேடைக்கு ஏற்றாதீர்கள், அவர்கள் பெயரையோ கதையையோ மலரில் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அனுமதியில்லாமல் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். அது விழா மலருக்கும் பொருந்தும், முகநூலுக்கும் பொருந்தும். மற்ற வழக்குகளில் சட்டம் அவ்வளவு இறுக்கமாக இல்லாவிட்டாலும், தாபரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போன பெண் தன் புருசன்காரன் வீட்டார் இருக்கும் அதே ஊரில்தான் நாளைக்கும் தண்ணி அள்ள வேண்டும். சட்டத்தரணியும் கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வெளியிட முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே "இவருக்காக நீங்கள் பேசியதைச் சபைக்குச் சொல்லுங்கள்" என்று மைக்கை அவர் கையில் கொடுத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கௌரவிக்கப்படுபவரிடமும் முதலிலேயே கேளுங்கள். ஆச்சரியப்படுத்துகிறோம் என்று மண்டபத்துக்கு வரச்சொல்லிப் பொன்னாடை போர்த்துவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இவர்கள் விசயத்தில் அது சரிவராது. சட்டத்தரணிகளின் நடத்தைக்கு 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் இருக்கின்றன. தொழிலுக்கு விளம்பரம் தேடுவதை அவை கட்டுப்படுத்துகின்றன. ஒரு சங்கம் தானாக நன்றி சொல்வது விளம்பரமா என்று கேட்டால், அல்ல என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய கந்தோர் விலாசத்தோடும் போன் நம்பரோடும் ஏ9 வீதியில் பெரிய பனர் கட்டினால் அது வேறு கதை. அதை அவரே பார்த்துச் சொல்லட்டும்.

ஆபத்தும் இருக்கிறது. 1990இல் ஹவானாவில் நிறைவேறிய ஐக்கிய நாடுகளின் சட்டத்தரணிகள் பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளில் 18ஆவது, கட்சிக்காரரோடும் அவருடைய நோக்கங்களோடும் சட்டத்தரணியைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்கிறது. எழுத்தில் அப்படித்தான். ஆனால் 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில் நீதிமன்றக் கட்டளையை மீறிப் பிக்கு ஒருவரின் உடலைத் தகனம் செய்தபோது, அங்கே நின்ற சட்டத்தரணி தாக்கப்பட்டார். வடக்கில் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். அதே ஆண்டில், நாவற்குழியில் 1996இல் காணாமற்போனவர்களுக்கான ஆட்கொணர்வு வழக்கில் தோன்றிய யாழ். பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் குமாரவடிவேல் குருபரன், நீதிமன்றத் தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு விரிவுரையாளர் பதவியை விட்டார். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு, காணி மீட்பு வழக்கு என்று பேசுபவர் "என் பெயர் வேண்டாம்" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். வற்புறுத்த வேண்டாம்.

மேடையில் யாரை ஏற்றுவது என்பதில் இரண்டு பேரைத் தவிருங்கள். ஒருவர் அந்தச் சட்டத்தரணி நாளும் தோன்றும் நீதிமன்றத்தின் பதவியில் இருக்கும் நீதிபதி. அவர் வரமாட்டார், அழைத்தாலே சங்கடம். மற்றவர் அரசியல்வாதி. எங்கள் அரசியல் ஜீ.ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம் காலத்தில் இருந்தே சட்டத்தரணிகளின் கையில்தான், அதனால் இலவசமாக வழக்குப் பேசுகிறவர் அடுத்த தேர்தலில் நிற்கிறார் என்பது இங்கே புதினம் அல்ல. நிற்கக் கூடாது என்றும் இல்லை. ஆனால் தேர்தல் அறிவித்த பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தினால் உங்கள் சங்கம் ஒரு கட்சியின் சங்கம் ஆகிவிடும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அந்த வழக்கைக் காரணம் காட்டி விழா எடுப்பதும் வேண்டாம்.

விருது கொடுத்தால் இன்னும் பல சட்டத்தரணிகள் முன்வருவார்களா? இதில் எனக்கு உறுதி இல்லை. மற்ற நாடுகள் வேறு வேறு வழியில் முயன்றிருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மாதிரி விதி ஆண்டுக்கு 50 மணித்தியாலம் இலவச சேவை செய்ய முயலுங்கள் என்று கேட்கிறது. நியூயோர்க் மாநிலம் ஒரு படி மேலே போய், அனுமதி பெற விரும்பும் புதியவர்கள் 50 மணித்தியாலம் முடித்திருக்க வேண்டும் என்றது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று மூத்த வழக்கறிஞர் பட்டத்துக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்து, அதில் இலவசமாகப் பேசிய வழக்குகளையும் கணக்கில் எடுத்தது. 2025இல் அந்தப் புள்ளி முறையையே நீதிமன்றம் கைவிட்டது. எங்கள் நாட்டில் ஜனாதிபதி சட்டத்தரணி பட்டம் 1984இன் எட்டாவது திருத்தத்தோடு வந்தது; தொழிலில் மேன்மை, நடத்தை, நேர்மை என்பவையே அதன் சொற்கள், இலவச சேவை அதில் இல்லை. இதையெல்லாம் பார்க்கும்போது, கணக்கு வைக்கத் தொடங்கினால் கணக்குக்காகச் செய்பவர்களும் வருவார்கள், கணக்கே இல்லாவிட்டால் செய்பவர் கண்ணில் படாமலே போய்விடுவார் என்று தோன்றுகிறது. ஊர்ச் சங்கத்தின் நன்றி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதனால் புதிதாக ஆட்கள் வராவிட்டாலும், இருப்பவர் அடுத்த வருடமும் நிற்பார் என்ற அளவுக்கு நம்பலாம்.

இனிப் பணம். பணமுடிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. காசு வாங்காமல் பேசினார் என்று சொல்லிக்கொண்டே காசைக் கையில் கொடுத்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு அதைக் கட்டணம் என்று சொல்லும். நீங்கள் எதற்காகக் கௌரவித்தீர்களோ அதுவே கேள்விக்குள்ளாகும். அந்தத் தொகையைச் சங்கத்தின் பெயரில் வங்கியில் போட்டு, வழக்குச் செலவுக்கென்று தனியாக வையுங்கள். இலவசச் சட்டத்தரணி கிடைத்த பிறகும் வழக்குகள் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் செலவுகள். முழங்காவிலில் இருந்து தவணைக்கு வரப் பஸ் காசு இல்லை, அன்றைய கூலி போய்விடும், உறுதிப்படுத்திய பிரதி எடுக்கக் காசு இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு என்றால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், மொழிபெயர்க்க வேண்டும். கொழும்புக்கு மேன்முறையீடு போனால் கோப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். இந்தச் செலவுகளைச் சங்கம் பற்றுச்சீட்டுப் பார்த்து நேரடியாகக் கட்டட்டும். சட்டத்தரணியின் கையால் போக வேண்டாம். வெளிநாட்டில் இருந்து பணம் தருபவர் தன் பெயரில் விருது வேண்டும் என்று நின்றால், அந்த நிதிக்கு அவருடைய தாய் தகப்பன் பெயரை வைத்து அவரைச் சமாதானப்படுத்தலாம்.

விழாவில் கொடுக்க வேண்டியது ஒரு கடிதம். சங்கத்தின் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டது. எந்த ஆண்டில் இருந்து எந்த ஆண்டு வரை, எப்படியான வழக்குகளில், எத்தனை குடும்பங்களுக்கு என்று எழுதுங்கள். வழக்கு எண்ணும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அவர் சம்மதித்தால் ஒரு பிரதியை அவர் அங்கம் வகிக்கும் சட்டத்தரணிகள் சங்கத்தின் செயலாளருக்கு அனுப்புங்கள். விழா நாளை முடிவு செய்யுமுன் மாவட்ட நீதிமன்றம் எப்போது விடுமுறை என்று பதிவாளர் கந்தோரில் கேளுங்கள்; தவணை நாளில் வைத்தால் அவர் வரமாட்டார், வந்தால் யாரோ ஒருவரின் வழக்கு நிற்கும். அப்புறம், இரண்டாவது கடிதம் ஒன்றும் அடித்து வையுங்கள். சத்தியக்கடதாசி எழுதியது, கோப்பைத் தேடி எங்கள் கந்தோர் வாசலில் காத்திருந்தது, சீனியர் கொழும்பில் நின்ற நாளில் தனியாக எழும்பிப் பேசியது எல்லாம் அநேகமாக அவருடைய ஜூனியர் பிள்ளைதான். அவளுடைய பெயரைச் சரியான எழுத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.